சின்னக்குழந்தையின் வலது கன்னம்

சீங்காட்டூர்,
ஜவ்வாது மலை.
தை 18

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா மாதையன் எழுதுவது. இங்கே நானும் இரண்டு ஆடுகளும் சௌக்கியம். உன் அம்மாவைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன், இந்தக் கடிதமே அதற்குத்தான். ஓசூரில் நீயும் மாப்பிள்ளை அருளும் நன்றாக இருக்கிறீர்களா? கம்பெனியில் இன்னும் நின்றுகொண்டேதான் வேலையா, உட்கார நாற்காலி கொடுத்தார்களா?

போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று சிரிக்காதே. நம் ஊரில் தண்ணி டேங்க் மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கிறது. டேங்க் ஆபரேட்டர் நான் என்பதால் ஏறிவிடுவேன். ஆனால் மேலிருந்து கத்துவதைக் கீழே குடத்தோடு நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், அதில் உன் அம்மாவும் நிற்பாள். அவள் கேட்கக்கூடாத சங்கதி இது. அதோடு, ஒன்பதாம் வகுப்பு வரை படித்ததை எப்போதாவது நானும் வெளியில் காட்ட வேண்டாமா?

உன் அம்மாவுக்குப் பல்வலி. ஒரு வருஷமாக இருக்கிறது. வலது பக்கம். சோற்றை வாயில் வைத்தவள் அப்படியே நின்றுவிடுவாள். கை மேலே வரும், ஆனால் கன்னத்தைத் தொடாது, நாலு விரற்கடை தள்ளியே நிற்கும். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் போய்விடும். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவுவாள். பாதிச் சோறு ஆட்டுக்கு.

கார்த்திகையில் ஆலங்காயத்துக்கு அழைத்துப் போய்ப் பல் டாக்டரிடம் காட்டினேன். அவர் சீட்டில் சின்னக்குழந்தை என்று உன் அம்மா பெயரை எழுதிக்கொண்டு, படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பல்லில் கோளாறே இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விடியற்காலை எழுந்து, இரண்டு பஸ் மாறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிறவளை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். மலையை விட்டு இறங்கினால் ஒரு வேலையாவது முடித்துக்கொண்டு ஏற வேண்டாமா? "வந்ததுக்கு ஒண்ணாவது புடுங்குங்க சார்" என்று கேட்டே பார்த்தேன். அந்த மனிதர் மறுத்துவிட்டார். படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் அடுத்த வாரம் வாணியம்பாடியில் வேறொருவரிடம் போனோம். இவர் வந்தவர்களை மதிக்கிறவர். இரண்டு பல்லைப் பிடுங்கினார். நாற்காலியில் படுத்துக்கொண்டே உன் அம்மா "அந்தப் பல்லு இல்லீங்க" என்று ஏதோ முனகினாள். ஊசி என்றால் அவளுக்குப் பயம், நீங்கள் பிடுங்குங்கள் என்று நான்தான் டாக்டருக்கு எடுத்துச் சொன்னேன். ஏழு நாள் வலியே இல்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எட்டாம் நாள் வந்துவிட்டது. மார்கழியில் மறுபடி போய் மூன்றாவதையும் பிடுங்கினோம். இப்போது அந்தப் பக்கம் அரைக்கிற பல்லே இல்லை, வலி மட்டும் அப்படியே இருக்கிறது. பல் இல்லாத இடத்தில் பல்வலி வரும் என்று உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவன் உன் அப்பனாகத்தான் இருப்பேன்.

பிறகு திருப்பத்தூரில் காது டாக்டர். காதைச் சுத்தம் செய்து, நன்றாகக் கேட்கும் என்று அனுப்பினார். நன்றாகத்தான் கேட்கிறது, நான் மெதுவாகத் திட்டுவதுகூடக் கேட்கிறது. வேடியப்பன் சாமிக்குச் சேவல் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. பொங்கலன்று அவளையும் டேங்க் மேல் ஏற்றிப் போனைக் காதில் வைத்தபோது "ம்" என்பதைத் தவிர உனக்கு எதுவும் கேட்டிருக்காது. நீ அழுதாய் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். நான் என்ன செய்வேன் கண்ணு? மலைக்குக் கீழே பிறந்த கீழ்நாட்டுப் பையனை நீயாகப் பார்த்துக் கட்டிக்கொண்டது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் இருவரும் மாலையும் கழுத்துமாக வந்த அன்று, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாளே, நீங்கள் சாப்பிடாமலே திரும்பிப் போனீர்களே, அதை நான் மறக்கவில்லை. பிடிவாதக்காரி. கோபம் தணியட்டும், நானே சொல்லி அனுப்புகிறேன், அதுவரை வர வேண்டாம்.

உங்கள் கம்பெனியில் நர்ஸ் இருக்கிறாரே, கலைவாணியோ என்னவோ பெயர் சொன்னாய். இதற்கு எந்த டாக்டர் என்று அவரிடம் கேட்டு எழுது. நான் கேட்டதாக அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாதையன்


சீங்காட்டூர்.
மாசி 12

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உன் கடிதம் எட்டாம் நாள் வந்து சேர்ந்தது. தபால்காரர் கையில் கொடுக்கும்போதே ஓசூர் முத்திரையைப் பார்த்துவிட்டு விசாரித்தார். பேங்க் கடிதம் என்று புளுகிவிட்டேன்.

நர்ஸம்மா கேட்கச் சொன்ன கேள்விகளைப் படித்தேன். வலி கரண்ட் அடிக்கிற மாதிரி வருகிறதா, முகம் கழுவினால் வருகிறதா, காற்றுப் பட்டால் வருகிறதா என்று அம்மாவிடம் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறாய். அவளிடம் என்ன கேட்பது? இருபத்தாறு வருஷம் கூடவே இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? பல் வலிக்கிற மாதிரிதான் வருகிறது. அப்படியே நர்ஸம்மாவிடம் சொல்.

இது நரம்பு வலியாக இருக்கலாம், நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள் என்றும் எழுதியிருந்தாய். அதைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நரம்பு வைத்தியர், மாதத்தில் இரண்டு நாள் லாட்ஜில் தங்கிப் பார்க்கிறார் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. தெய்வமே காட்டியது என்று உன் அம்மாவை இழுத்துக்கொண்டு மாடி ஏறினேன். வராந்தாவில் ஏழெட்டு ஆண்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாருக்கும் முகவலி போலிருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே போய் வைத்தியர் முன்னால் உட்கார்ந்ததும் அவர் உன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் வயசைக் கேட்டார். அவர் எந்த வியாதிக்கு வைத்தியர் என்று நான் எழுத மாட்டேன், மாப்பிள்ளையைக் கேள். படி இறங்கும்போது உன் அம்மா சிரித்தாள். சிரித்த உடனே கன்னத்தில் வலி பிடித்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஆண்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் எந்த டாக்டரிடமும் வர மாட்டேன் என்கிறாள். நரம்பு டாக்டர் என்றால் புத்தி கெட்டவர்களுக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எனுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிக்கிது?" என்றாள். அவ்வளவுதான், இரண்டு நாள் வாயே திறக்கவில்லை.

ஆள் பாதியாகிவிட்டாள். சாமைக் கஞ்சியைத் தண்ணீராக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் குடிக்கிறாள். மஞ்சள் பூசுவதில்லை, முகமே கழுவுவதில்லை. இப்போது புளி உலுக்குகிற காலம். மரத்தடியில் எல்லாப் பெண்களும் பேசிச் சிரித்துக்கொண்டு ஓடு உடைக்க, இவள் மட்டும் தலையோடு முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கிறாள். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று பேசுகிறார்கள். போன வாரம் ஒரு நாள், "இதுக்கு மேல என்னால ஆவாதுய்யா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அழுகை இல்லை, கோபம் இல்லை, உப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னாள். அன்றைக்கே பூச்சிமருந்து டப்பாவை எடுத்துப் போய் மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டேன். வீட்டில் எலி தள்ளிவிடுகிறது என்று காரணம் சொன்னேன். சாவி என் அரைஞாணில் இருக்கிறது. டேங்க் தண்ணீர் விடப் போனாலும் கால் மணிக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து எட்டிப் பார்க்கிறேன். மூன்று நாளாக மேல் தெருவுக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை, என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

நீ நேரில் வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் மா. இந்த நிலைமையில் உன்னைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் தலைக்கேறி வலி இன்னும் கூடிவிடும். பொறுத்துக்கொள்.

ஒரு நல்ல செய்தி. நம் மலை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ரேணுகாதேவி என்று ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். டேங்க் ஏணியில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டதால் மருந்து போடப் போனேன். தனியே விட்டுப்போக மனமில்லாமல் உன் அம்மாவையும் கூட அழைத்துப் போனேன். யாரோ ஃபேனைப் போட்டார்கள். காற்றுப் பட்டதும் இவள் துள்ளிச் சுருண்டாள். டாக்டரம்மா என் முழங்காலை அப்படியே விட்டுவிட்டு இவளிடம் வந்தார். ஏதேதோ கேட்டார், நான் பதில் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் என்னைப் பார்க்காமல் இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு, நரம்புப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சீட்டுக் கொடுத்தார். "பைத்தியத்துக்கு இல்லம்மா, முகத்து நரம்புக்கு" என்று அவளிடமே இரண்டு தடவை சொன்னார். அதனால் வருகிறேன் என்று தலையாட்டியிருக்கிறாள். வரும் புதன்கிழமை போகிறோம்.

மூன்று பல்லையும் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். டாக்டருக்குக் காட்ட ஆதாரம் வேண்டுமல்லவா.

சாமியைக் கும்பிட்டுக்கொள்.

அப்பா


சீங்காட்டூர்.
பங்குனி 6

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு நாலாவது தடவை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பிழையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

வேலூர் போனோம். அமிர்தி வழியாக இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் திருவிழா மாதிரி இருந்தது. மத்தியானம் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். நரம்பு டாக்டர் என்னைவிட வயசானவர், மெதுவாகப் பேசுகிறவர். உன் அம்மாவைப் பார்த்து, "சொல்லுங்கம்மா, இன்னா பண்ணுது?" என்று கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். நம் வீட்டில் அது வழக்கந்தானே. கீழே இறங்கினால் பேசுகிறவன் ஆம்பளை, பெண்கள் பின்னால் நிற்பார்கள். என் அப்பனும் அப்படித்தான், ரேஷன் கடையானாலும் தாலுக்கா ஆபீஸானாலும் என் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் நிற்பாள். நான் ஒரு வருஷப் பல்வலிக் கதையை ஆலங்காயத்திலிருந்து தொடங்கி, காகிதத்தைப் பிரித்து மேஜைமேல் மூன்று பல்லையும் வரிசையாக வைத்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இதுங்க மேல தப்பு ஒண்ணும் தெரியலீங்களே" என்றார். பிறகு, வலி உங்களுக்கா அவங்களுக்கா என்று என்னைக் கேட்டார். அவளுக்குத்தான் என்றேன். அப்படியானால் கொஞ்ச நேரம் நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும், முடியுமா என்றார். முடியும் என்று சொல்லி, எப்படி முடியும் என்று விளக்கவும் ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்த நர்ஸ் சிரித்துவிட்டார்.

அப்புறம் டாக்டர் சும்மா உட்கார்ந்திருந்தார். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு உன் அம்மாவையே பார்த்துக்கொண்டு இருந்தார். இவள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வாயைக் கடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. அப்புறம் பேசினாள் மா.

ஒரே விரலால், தொடாமல், மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கம் கோடு போட்டுக் காட்டினாள். "கரண்டு கம்பிய உள்ளார சொருவுற மாதிரி சார். மூஞ்சி கழுவுனா வரும். காத்து பட்டா வரும். மென்னா வரும்" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பேசுனா வரும். அதான் பேசறதில்ல" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று வருஷம் என்றாள். நான் ஒரு வருஷம் என்று சொல்லியிருந்தேன். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "சொல்ல வாயத் தொறக்கணுமே சார்" என்றாள்.

ரொம்ப மோசமாக வந்தது எப்போது என்று கேட்டார். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்தும் கூட்டவில்லை. "எம் பொண்ணு மாப்பிள்ளைய இட்டுக்கினு வந்த அன்னைக்கு சார். வாம்மான்னு கூப்புட வாயத் தொறந்தேன். தொறந்ததும் புடிச்சிக்கிச்சி. அதுங்க எயுந்து போற வரைக்கும் உடவே இல்ல."

நான் மேஜைமேல் இருந்த பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெண்ணிலா, கோபம் என்று இரண்டு வருஷமாக உனக்குச் சொன்னேனே, அதை அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. முகத்தை மூடியிருந்தாள், நான் கோபம் என்றேன். போனில் ம் என்றாள், பிடிவாதம் என்றேன். வராதே என்றது அவள் இல்லை, நான். பல் டாக்டரிடம் அவள் வாயை எனக்குத் தெரியும் என்று பேசினேன், உன்னிடம் அவள் மனசை எனக்குத் தெரியும் என்று பேசினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் கேட்டேன், வெண்ணிலா வராமல் இருந்தது ஏன் என்று நீ என்ன நினைத்தாய் என்று. "அவளுக்குத்தான் எம்மேல கோவம்னு நெனச்சேன்" என்றாள்.

வைத்தியத்தைச் சொல்கிறேன். ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள்ளே ஒரு ரத்தக் குழாய் முகத்து நரம்பின் மேல் சாய்ந்துகொண்டு, துடிக்கும்போதெல்லாம் உரசுகிறதாம். உரசி உரசி நரம்பின் மேல்தோல் தேய்ந்திருக்கிறது என்றார். மோட்டார் ஒயர் தேய்ந்து இரும்பில் பட்டால் எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவ்வளவுதான் சங்கதி. இந்த வலியைப் பல்வலி என்று நினைத்துப் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர் என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா தெரியவில்லை.

மாத்திரை கொடுத்திருக்கிறார். சிறுகச் சிறுக ஏற்ற வேண்டும். ஐந்தாம் நாளே வலி பாதியாகக் குறைந்தது. நேற்று முகம் கழுவினாள், கழுவிவிட்டு ஈரத்தோடு கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். ஆனால் தலை சுற்றுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். சிலருக்கு இந்த மாத்திரையில் உடம்பெல்லாம் தடிப்பு வரும், வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஓடி வாருங்கள் என்று எச்சரித்தார். அதனால் தினமும் காலையில் அவள் கை, முதுகு எல்லாம் பார்க்கிறேன். "கொசு கடிச்சிதுய்யா, உடு" என்று கையை இழுத்துக்கொள்கிறாள். கொசுவா, தடிப்பா என்று எனக்குப் புரிந்தால்தானே. வெளிச்சத்தில் வைத்து மறுபடி பார்க்கிறேன்.

பங்குனி 24 அன்று மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் சோதிப்பார்கள். மாத்திரை எத்தனை நாளைக்குக் கேட்கும் என்று சொல்ல முடியாது, ஆபரேஷன் செய்தால் குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கலாம், யோசித்துக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். காதுக்குப் பின்னால் திறப்பார்களாம். அவளுக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன். "டாக்டராண்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து மாடத்தில் வைத்தாள். அதற்கு நானாக ஒரு பதில் எழுதப் போவதில்லை.

வெண்ணிலாவுக்கு என்ன எழுதட்டும் என்றும் கேட்டேன். "நீ ஒண்ணும் எய்தாத. அவகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். அதனால் இந்தக் கடிதமே அவள் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன். என்ன பேசப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது கண்ணு.

நீ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு பங்குனி 24 காலை எட்டு மணிக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் வாசலுக்கு வா. மாப்பிள்ளையையும் அழைத்து வா, அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். டாக்டர் அறைக்குள் அவளோடு நீ போ. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். உன் அம்மா பேசும்போது பாதி வார்த்தையில் நிறுத்துவாள். கண்ணை மூடுவாள், முகத்தைக்கூட அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அப்போது எழுந்து போய்விடாதே மா. கொஞ்சம் காத்திரு. மீதியைச் சொல்வாள்.

நீயும் அருளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
மாதையன்